இளையோரின் எலும்பும் எமது பொறுப்பும்

ஊவாவின் தோட்டமொன்றில் அண்மையில் நடந்த மாதர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், ஒரு தாய் மட்டும் தயங்கித் தயங்கி எம்மிடம் வந்தார். மண்சரிவு அபாயம் என்று லயத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, உறவினர் வீட்டின் பக்கத்தில் தகரம் அடித்துக் குடியிருப்பவர் அவர். மரக்கறித் தோட்டமும் ஒரு பசுமாடும் இருந்த குடும்பம். இன்று தோட்டமும் இல்லை, மாடும் இல்லை. அவருடைய பத்தொன்பது வயது மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவன். அவனுடைய இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது பரிசோதனையில் தெரியவந்து, இப்போது கிளினிக்கில் மருந்து எடுக்கிறான்.

அந்தத் தாயின் கையில் ஒரு டப்பா இருந்தது. விற்றமின் டி, கல்சியம், இரும்புச்சத்து எல்லாம் அடங்கியது என்று அதன்மேல் எழுதியிருந்தது. வீடு வீடாக வந்து விற்றவரிடம் நான்கு நாள் சம்பளத்தைக் கொடுத்து வாங்கியிருந்தார்.

"சிஸ்டர், கிளினிக் குளிசையால எலும்பு தேஞ்சிரும்னு சொல்றாங்க. இத குடுத்தா எலும்பும் பலப்படுமாம், நோயும் கொறயுமாம். கிளினிக்குக்குப் போய் வர பஸ் காசு, இதுக்கு ஒரு காசு. ரெண்டுக்கும் எங்ககிட்ட இல்ல. எத விடுறது?"

இந்தக் கேள்விக்கு உடனே சொல்ல வேண்டிய பதிலை அன்றே சொன்னோம்: கிளினிக் மருந்தை விடக்கூடாது. ஆனால் அந்த ஒரு வரியோடு எமது கடமை முடிந்துவிடவில்லை. ஏனெனில் அந்தத் தாய் கேட்டதில் பொய்யும் உண்டு, மெய்யும் உண்டு. இரண்டையும் பிரித்து அறிந்து கொள்ளாவிட்டால், நாளை இன்னொரு தாய் தவறானதை விட்டுவிடக்கூடும். ஆகவே இந்த விடயத்தை நம் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து சிந்திக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

விற்றமின் டி என்பது என்ன?

நாம் உண்ணும் உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சி எடுப்பதற்கு விற்றமின் டி வேண்டும். அது இல்லாவிட்டால் பாலும் நெத்தலியும் சாப்பிட்டாலும் கல்சியத்தின் பெரும்பகுதி உடலில் சேராமலே போய்விடும். சிறுபிள்ளைகளுக்கு இந்தச் சத்து மிகவும் குறைந்தால் கால் வளையும் றிக்கற்ஸ் நோய் வரும். வளர்ந்தவர்களுக்கு எலும்பில் நோவு, தொடைத் தசையில் பலவீனம், படியேற முடியாத களைப்பு என்பன வரும். மலையும் படியுமாக உள்ள நமது தோட்டங்களில் இதை "உடம்பு அசதி" என்று சொல்லிப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மற்றச் சத்துகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இதன் பெரும்பகுதியை உணவு தருவதில்லை. சூரிய ஒளி தோலில் படும்போது நமது உடம்பே இதைத் தயாரிக்கிறது. பின்னர் ஈரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. கொழுப்புள்ள மீன், முட்டை மஞ்சட்கரு, ஈரல் ஆகியவற்றில் ஓரளவு கிடைக்கிறது. மரக்கறி, சோறு, கிழங்கு ஆகியவற்றில் அநேகமாக இல்லை.

எலும்பு வளருவதற்கு ஒரு காலம் உண்டு. மனிதன் தன் வாழ்நாளில் சேர்க்கும் எலும்பின் பலத்தில் பெரும்பகுதியை இருபது வயதளவில் சேர்த்து முடித்துவிடுகிறான். அதன் பின் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பதுதான். விதைக்கும் காலத்தில் விதைக்காதவன் அறுவடைக் காலத்தில் அழுது பயனில்லை என்பது விவசாயிகளான நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெயில் நாட்டில் வெயில் சத்துக் குறைவா?

இலங்கை பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள நாடு. ஆண்டு முழுவதும் வெயில் உண்டு. பின் எப்படி இந்தச் சத்துக் குறையும் என்று கேட்கலாம். 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, கண்டியில் வாழ்கின்ற இலங்கையரையும் நோர்வேயில் குடியேறிய இலங்கையரையும் ஒப்பிட்டுப் பார்த்தது. நோர்வேயில் வாழ்பவர்களின் இரத்தத்தில் விற்றமின் டி மிகவும் குறைவாக இருந்தது. ஒரே மக்கள், ஒரே தோல் நிறம், வெவ்வேறு வெயில். ஆகவே வெயிலின் பயன் உண்மைதான்.

ஆனால் வெயில் நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது. வெயில் தோலில் பட வேண்டும். கருமையான தோலுக்கு அதிக நேரம் வேண்டும். கொழுந்து பறிக்கும் நம் தாய்மார் தலையிலிருந்து கால் வரை துணியும் படங்கும் சுற்றிக்கொண்டுதான் மலையேறுகிறார்கள். நம் இளையோரோ மலையிலேயே இல்லை. கொழும்பில் கடைகளிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், சாப்பாட்டுக் கடைகளின் குசினிகளிலும் விடியுமுன் புகுந்து இருண்ட பின் வெளியே வருகிறார்கள். சூரியனை ஞாயிற்றுக்கிழமை மட்டும் காண்பவர்கள் அவர்கள். திரும்பி வந்து நோயென்று லயக்காம்பிராவுக்குள் முடங்குபவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வெயிலும் இல்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். காலை இளவெயிலில் நின்றால் இந்தச் சத்துக் கிடைக்கும் என்று பலரும் சொல்வதுண்டு. இளவெயிலில் இதற்கு வேண்டிய கதிர் மிகக் குறைவு. நமது நிழல் நமது உயரத்திலும் பார்க்கக் குட்டையாக இருக்கும் நேரமே பயனுள்ள நேரம். கையையும் காலையும் திறந்துவிட்டு, தோல் காயாத அளவுக்கு, வாரத்தில் சில நாட்கள் வெளியே நடமாடினால் நல்லது. யன்னல் கண்ணாடிக்குள் இருந்து காயும் வெயிலால் பயனில்லை.

மருந்து எலும்பைத் தின்கிறதா?

அந்தத் தாய் கேட்டதில் மெய்யான பகுதி இதுதான். எச்.ஐ.வி.க்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் தெனோஃபோவிர் என்பது ஒன்று. அதன் பழைய வடிவம் எலும்பின் அடர்த்தியைச் சிறிதளவு குறைக்கிறது. மருந்து தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே இந்தக் குறைவு பெரும்பாலும் நிகழ்ந்து, பின்னர் நிலைத்து நிற்கிறது. எஃபாவிரென்ஸ் என்ற இன்னொரு மருந்து, உடலிலுள்ள விற்றமின் டியை வேகமாகச் சிதைக்கிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபம்பிசினும் அவ்வாறே. கிருமியும் தன் பங்குக்கு எலும்பைப் பாதிக்கிறது. ஆகவே வளரும் வயதில் மருந்து எடுக்கின்ற ஒரு பிள்ளையின் எலும்பைப் பற்றிக் கவலைப்படுவதில் நியாயம் உண்டு.

ஆனால் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். மருந்து எடுக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எலும்பைப் பற்றிக் கவலைப்படுவதற்கு வயது வராது. ஒழுங்காக மருந்து எடுப்பவரின் இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படிக் குறைந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் நோய் மற்றவருக்குத் தொற்றாது என்பது இன்று உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை. அவர் வேலை செய்யலாம், திருமணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் வழங்கியது. நோய் கண்ட தாய்மாருக்கு அரசாங்க கிளினிக்குகளில் இலவசமாகக் கொடுத்த மருந்து அந்த வெற்றியில் பெரும் பங்கு வகித்தது. அந்த மருந்தைத்தான் டப்பாக்காரர் எலும்பைத் தின்னும் மருந்து என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆராய்ச்சிகள் சொல்வது

விற்றமின் டி கொடுத்தால் நோய் குறையும் என்ற பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவர்களில் இந்தச் சத்துக் குறைந்தவர்களே அதிகம் நோய்ப்பட்டார்கள், காசநோய்க்கு ஆளானார்கள், இறந்தார்கள் என்று பல கணிப்புகள் காட்டின. அப்படியானால் சத்தைக் கொடுத்தால் பிழைப்பார்கள் அல்லவா? நல்ல கேள்வி. தன்சானியாவின் தாருஸ் ஸலாம் நகரில் இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். மருந்து தொடங்குகின்ற, விற்றமின் டி குறைந்த 4,000 பேரைத் தெரிந்து, பாதிப்பேருக்கு அதிக அளவு விற்றமின் டியும் மற்றவர்களுக்கு வெறும் குளிசையும் ஓராண்டு கொடுத்தார்கள். 2020 இல் முடிவு வெளிவந்தது. இரு பகுதியாரிடையே இறப்பிலும் வித்தியாசம் இல்லை, காசநோயிலும் வித்தியாசம் இல்லை.

இதன் பொருள் என்ன? நோய் முற்றியவர் வீட்டுக்குள் கிடக்கிறார், சாப்பிட முடியாமல் இருக்கிறார். அதனால் அவருக்கு இந்தச் சத்துக் குறைகிறது. சத்துக் குறைவு பல வேளைகளில் நோயின் அடையாளம். அதுவே நோயின் வேர் அல்ல. வாடிய இலைக்குப் பச்சை வர்ணம் பூசினால் செடி பிழைக்காது.

எலும்பைப் பொறுத்தவரையில் செய்தி சற்று வேறு. அமெரிக்காவில் தெனோஃபோவிர் எடுத்த 16 முதல் 24 வயது வரையான இளையோருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை 50,000 அலகு விற்றமின் டி கொடுத்து 48 வாரங்கள் அவதானித்தார்கள். 2018 இல் வெளியான அந்த ஆய்வில், விற்றமின் பெற்றவர்களின் முதுகெலும்பின் அடர்த்தி சிறிதளவு கூடியிருந்தது. பெரிய அற்புதம் அல்ல. ஆனாலும் ஒரு சிறு உதவி. ஆபிரிக்காவிலும் சம்பியா, சிம்பாப்வே நாடுகளில் 11 முதல் 19 வயது வரையான 842 பிள்ளைகளுக்கு வாராந்தம் 20,000 அலகு விற்றமின் டியும் தினமும் கல்சியமும் கொடுத்து இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். ஏழை நாட்டுப் பிள்ளைகளின் எலும்பைப் பற்றியும் உலகம் கவலைப்படத் தொடங்கியிருப்பது நமக்கு ஓர் ஆறுதல்.

ஆகவே எமது முடிவு இது: விற்றமின் டி எச்.ஐ.வி.க்கு மருந்து அல்ல. சத்துக் குறைந்த இளையோரின் எலும்புக்கு அது துணையாகலாம். துணை வரும், ஆனால் துணையை நம்பி வண்டியை விடக்கூடாது.

டப்பாவுக்குள் இருக்கும் ஆபத்து

இப்போது எல்லோரும் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி. 2019 முதல் உலக சுகாதார நிறுவனம் டொலுடெகிராவிர் என்ற மருந்து சேர்ந்த கூட்டுக் குளிசையை முதல் தெரிவாகச் சிபாரிசு செய்கிறது. ஒரு நாளைக்கு ஒரே குளிசை. நல்ல மருந்து. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வெறும் வயிற்றில் அதனுடன் சேர்த்துக் கல்சியக் குளிசையையோ இரும்புச்சத்துக் குளிசையையோ விழுங்கினால், அவை இரண்டும் குடலில் பிணைந்துகொண்டு, மருந்து இரத்தத்தில் சேராமல் போய்விடும். பிள்ளை ஒருநாளும் தவறாமல் மருந்து எடுப்பான். ஆனால் மருந்தின் பாதி வீணாகும். கிருமி மெல்லத் தலைதூக்கும். யாருக்கும் காரணம் விளங்காது.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. மருந்தை எடுத்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கல்சியத்தையோ இரும்புச்சத்தையோ எடுக்கலாம். அவற்றை முதலில் எடுத்திருந்தால் ஆறு மணித்தியாலம் கழித்து மருந்தை எடுக்க வேண்டும். அல்லது வயிறாரச் சாப்பிடும்போது இரண்டையும் ஒன்றாக எடுக்கலாம். நெஞ்செரிவுக்குக் கடையில் வாங்கும் வெள்ளை மருந்துக்கும் இப்படி இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் தோட்டக் கிளினிக்கில் இரும்புக் குளிசை கொடுக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எந்த மருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இது மாறும். ஆகவே கடையில் வாங்கியது, டப்பாவில் வந்தது, நாட்டு மருந்து, எதுவானாலும் கிளினிக் டொக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டும். மறைக்க வேண்டியதில்லை. அவர் ஏச மாட்டார். ஏசினாலும் உயிர் பெரிது.

இன்னுமொன்று. விற்றமின் டி தண்ணீரில் கரைந்து சிறுநீரோடு போகும் சத்து அல்ல. உடம்பின் கொழுப்பில் தங்கிவிடும். சாதாரணமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 அலகு போதும். டொக்டரின் கண்காணிப்பு இல்லாமல் நாளுக்கு 4,000 அலகுக்கு மேல் எடுக்கக்கூடாது. அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் கூடி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று வரும். தெனோஃபோவிர் எடுப்பவரின் சிறுநீரகத்தை ஏற்கெனவே கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும்போது இது வீண் வம்பு.

வயிறு காய்ந்தால் குளிசை என்ன செய்யும்?

டப்பாவையும் கிளினிக்கையும் பற்றிப் பேசிவிட்டுச் சோற்றுக் கோப்பையைப் பற்றிப் பேசாவிட்டால் நாம் அரைகுறையாகப் பேசியவர்களாவோம். 2016 ஆம் ஆண்டின் தேசிய குடிசன சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப் பகுதியிலோ நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர். அந்தப் பிள்ளைகள் இன்று இளையோராகி வருகிறார்கள். அடித்தளம் பலவீனமான வீட்டின்மேல் நோய் என்னும் புயல் அடிக்கிறது.

2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக்கப்பட்டது. இடையில் 2022 இன் நெருக்கடியில் மாவும், முட்டையும், டின் மீனும் என்ன விலைக்குப் போயின என்பதை நமது தாய்மார் மறக்கவில்லை. தேத்தண்ணியும் ரொட்டியும் சம்பலும் உண்டு வளரும் பிள்ளைக்கு விற்றமின் டி எங்கிருந்து வரும்?

திரிபோஷா 1973 முதல் நம் நாட்டில் வழங்கப்பட்டு வருகிறது. அது கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், எடை குறைந்த சிறுபிள்ளைகளுக்கும் உரியது. பதினேழு, பத்தொன்பது வயதில் நோயோடு போராடும் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை. சிறுபிள்ளை என்று கொடுக்கவும் மாட்டார்கள், பெரியவன் என்று வேலை கொடுக்கவும் மாட்டார்கள்.

ஆயினும் கைக்கெட்டியதைச் செய்யலாம். டப்பாவுக்குக் கொடுத்த நான்கு நாள் சம்பளத்தில் எத்தனை முட்டை, எவ்வளவு நெத்தலி, எத்தனை டின் மீன் வாங்கலாம் என்று கணக்குப் பாருங்கள். நெத்தலியை முள்ளோடு தின்றால் கல்சியம் கிடைக்கும். குரக்கன் மாவில் கல்சியம் நிறைய உண்டு. ஊவாவின் சேனைகளில் நம் அயலவர் விளைவித்த தானியம் அது. முருங்கைக்கீரை வேலியோரத்தில் வளரும். நாலு கோழி வளர்த்தால் முட்டைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பால் கறப்பவர்கள் முழுவதையும் சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றிவிடாமல் ஒரு கோப்பையை நோயாளிப் பிள்ளைக்கு வைக்க வேண்டும். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் சற்றுத் தள்ளிக் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேரும். நடப்பதும், சுமப்பதும், மண்வெட்டி பிடிப்பதும் எலும்பைப் பலப்படுத்தும். புகையும் கசிப்பும் எலும்பைக் கெடுக்கும்.

இடம்பெயர்ந்தவர்களின் மருந்து

2014 ஒக்டோபர் 29 அன்று காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. தப்பியவர்களில் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தங்க வைக்கப்பட்டார்கள். புதிய வீடுகள் 2016 இல்தான் கையளிக்கப்பட்டன. அதே 2014 இன் இறுதியில் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்தில் நீர் பொங்கி, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்து, விவசாயிகள் நிலை குலைந்தார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. இடம்பெயர்வு நமக்கு ஒருமுறை வந்து போகும் துன்பம் அல்ல. திரும்பத் திரும்ப வருவது.

அப்படி ஓடும் இரவில், கிளினிக் கொப்பியும் மருந்துப் போத்தலும் எங்கே இருக்கும்? மண்ணுக்குள் போயிருக்கும். பாடசாலை மண்டபத்தில் நூறு பேர் ஒன்றாகப் படுக்கும் இடத்தில், ஒரு இளைஞன் அல்லது ஒரு பெண்பிள்ளை எப்படி யாருக்கும் தெரியாமல் மருந்தை எடுப்பது? "அது என்ன குளிசை?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்தே மருந்தை நிறுத்திவிடுபவர்கள் இருப்பார்கள். முகாம் பொறுப்பாளர்கள் இதை யோசித்ததுண்டா? நாமும்தான் யோசித்ததுண்டா?

நிவாரணப் பொதிகளையும் பாருங்கள். அரிசி, மா, சீனி, பருப்பு, தேயிலை. இவை பசியை ஆற்றும், நல்லது. ஆனால் வாரக்கணக்கில் இதையே உண்டு, மழைக்குள் மண்டபத்தில் அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு விற்றமின் டி ஒரு துளியும் கிடைக்காது. ஒரு பொதியில் இரண்டு டின் மீனும், ஒரு பைக்கற் நெத்தலியும், சில முட்டையும் சேர்த்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்மை. நோயுள்ள பிள்ளை யாரென்று கேட்காமலே அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுத்தவர்களாவோம்.

நாக்கின் நோய்

இலங்கையில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1980களில். இன்றும் உலக நாடுகளோடு ஒப்பிட்டால் நமது எண்ணிக்கை சிறியது. ஆனால் அது கூடிக்கொண்டு வருகிறது. 2023 இல் மட்டும் ஏறக்குறைய 700 பேருக்குப் புதிதாக நோய் இருப்பது தெரியவந்தது. இளையோர் அதில் உண்டு.

ஆயினும் நம் நாட்டில் கிருமியை விடக் கூடுதலாகப் பரவியது கதை. குழந்தை வைத்திய நிபுணர் கமலிகா அபேரத்ன வீதி விபத்தில் காயமடைந்து, ஏற்றப்பட்ட இரத்தத்தின் மூலம் எச்.ஐ.வி.க்கு ஆளானவர். அதை மறைக்காமல் நாட்டு மக்கள் முன் சொல்லி, 2004 இல் மறையும் வரை நோயாளிகளின் சிகிச்சை உரிமைக்காக உழைத்தார். இந்த நோய் யாருக்கும் வரலாம் என்பதை அவர் தன் வாழ்க்கையால் கற்பித்தார். நாம் கற்றோமா? 2016 இல் வடமேல் மாகாணத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை, அவனுக்கு நோய் உண்டு என்ற பொய்க் கதையை நம்பிப் பாடசாலைகள் சேர்க்க மறுத்தன. உயர் நீதிமன்றம் தலையிட்டு, எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் கல்வியை மறுக்க முடியாது என்று உறுதிப்படுத்த வேண்டியதாயிற்று.

திருச்சபையைச் சேர்ந்த நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். இந்த நோயைப் பாவத்தின் சம்பளம் என்று பேசிய பிரசங்கங்கள் நம் கோவில்களிலும் ஒலித்தன. அதைக் கேட்டுக்கொண்டிருந்த தாய்மார் பின்வரிசையில் அழுதார்கள். தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கியவரின் பெயரால் கூடும் நாம், தொடத் தேவையுமில்லாமல் நாக்கினாலேயே விரட்டினோம். இதற்காக மனம் வருந்துகிறோம்.

நாம் கேட்பது

சுகாதார அதிகாரிகளிடம் நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள், காசநோய்க்கும் சேர்த்து மருந்து எடுப்பவர்கள், எலும்பு நோவு உள்ளவர்கள் ஆகிய இளையோருக்கு விற்றமின் டியும் கல்சியமும் தேவையா என்று கிளினிக்கிலேயே பார்த்து, தேவையானவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். விலை உயர்ந்த சத்து அல்ல இது. அரசாங்கம் கொடுத்தால் டப்பாக்காரருக்கு வேலை இராது. எப்படி, எந்நேரம் எடுப்பது என்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கமிருந்து பதுளைக்கு வருபவருக்கு ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் போகிறது. நிலை சீராக உள்ளவர்களுக்குப் பல மாத மருந்தை ஒன்றாகக் கொடுப்பது அவர்களைக் காக்கும் வழி. அஸ்வெசும போன்ற உதவிகளில் நீண்டகால நோயுள்ள இளையோரின் உணவுத் தேவையையும், நோயின் பெயர் வெளிவராத விதத்தில், கணக்கில் எடுக்க வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களிடமும் முகாம் பொறுப்பாளர்களிடமும் கேட்பது: மருந்து எடுப்பவர்களுக்கு, என்ன நோய் என்று கேட்காமல், ஒரு மறைவான இடமும் குடிதண்ணீரும் கொடுங்கள்.

பங்குகளிடமும் சங்கங்களிடமும் கேட்பது: வைத்தியச் செலவுக்கென்று ஒரு சிறு நிதி வையுங்கள். நீரிழிவுக்காரர், சிறுநீரக நோயாளர், கிளினிக் போகும் எவரும் அதில் பஸ் காசு பெறலாம் என்று வைத்தால், யார் எதற்குப் போகிறார் என்ற கேள்வி எழாது.

நம் குடும்பங்களிடம் கேட்பது: மழைக்காலம் வருமுன் ஒரு பையைத் தயாராக வையுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம் இவற்றோடு கிளினிக் கொப்பியும், இரண்டு வார மருந்தும் நனையாத உறையில் அந்தப் பையில் இருக்கட்டும். மருந்து தீர்ந்தாலோ தொலைந்தாலோ அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குத் தாமதியாமல் போங்கள். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் மாவட்டந்தோறும் உண்டு.

அந்தத் தாயைப் பின்னர் ஒருமுறை சந்தித்தோம். டப்பாவை மகன் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். டொக்டர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, எந்த நேரத்தில் எடுக்கலாம் என்று சொல்லி, தீர்ந்த பின் வாங்கத் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறார். "இப்ப அந்தக் காசுல முட்டை வாங்குறேன் சிஸ்டர்" என்றார் தாய். மகன் வீட்டின் பின்னால் பாத்தி கட்டிக்கொண்டிருந்தான். உச்சி வெயில், முழங்கை வரை சேறு. ஊரில் எவருக்கும் அவனுடைய நோய் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அவன் பசியாறியிருக்கிறானா, மருந்தும் பஸ் காசும் அவனுக்கு உண்டா என்பதை மட்டும் நாம் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்.